கொங்கணக் கரையில் ஒற்றை ஸைக்கிள்

அறுபது வயதுக்கு மேல் ஸைக்கிளில் ஏறுகிறவனைப் பற்றி உலகத்தில் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. அவனுக்கு ஏதோ வைராக்கியம் பிடித்திருக்கிறது என்பது ஒன்று. அவன் வீட்டில் ஏதோ சரியில்லை என்பது மற்றொன்று. மும்பை மாதுங்காவில் எங்கள் கட்டடத்தில் இருக்கும் இருபத்து நான்கு குடும்பங்களும் சென்ற ஜனவரி மாதத்தில் இந்த இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நின்றன. நான் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஸைக்கிளுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன்.

காரணம் மிகவும் அற்பமானது. திருநெல்வேலிக்குப் போகும் ரயில்களில் சில கொங்கண மார்க்கமாகச் செல்கின்றன. 1998-ஆம் வருஷம் அந்தப் பாதை முழுவதும் திறந்த நாள் முதலாக எத்தனையோ தடவை அதில் போயிருக்கிறேன். குகை, பாலம், மறுபடியும் குகை. மேற்கே கொஞ்ச தூரத்தில் சமுத்திரம் இருக்கிறது என்று தெரியும். அந்தச் சமுத்திரம் ஒரு தடவைகூட ஜன்னலில் முகம் காட்டியதில்லை. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றதும் அதை நேரில் போய்ப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். மோட்டாரில் போனால் ரயிலில் போனதற்கு அதிக வித்தியாசமிராது. நடந்து போக முழங்கால் சம்மதிக்காது. மிஞ்சியது ஸைக்கிள்தான்.

என் மகள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். தினந்தோறும் இரவு எட்டு மணிக்கு டெலிபோனில் குரல் கொடுக்க வேண்டும். வைத்தியர் இரத்த அழுத்த மாத்திரைகளை எண்ணிக் கொடுத்து, மேட்டில் மூச்சு வாங்கினால் இறங்கித் தள்ளவும் என்றார். என் மனைவி நிபந்தனை ஒன்றும் சொல்லவில்லை. "சிரோடா வழியில் வருமா?" என்று மட்டும் கேட்டாள்.

அதற்கு அர்த்தம் எனக்குத் தெரியும். கா. ஸ்ரீ. ஸ்ரீ. அவர்களின் தமிழில் வி. ஸ. காண்டேகரைப் படித்து வளர்ந்த வீடு அவளுடையது. அவளுடைய தாயார் பைண்டு செய்து வைத்திருந்த புத்தகங்கள் இன்றும் எங்கள் அலமாரியில் இருக்கின்றன. காண்டேகர் 1920 முதல் 1938 வரையில் பள்ளி ஆசிரியராக இருந்த கிராமம் சிரோடா. மகாராஷ்டிரக் கரை கோவாவைத் தொடும் இடத்துக்குச் சற்று வடக்கே இருக்கிறது.

"வரும். அநேகமாகக் கடைசியில் வரும்" என்றேன்.

"கடைசிவரை போனால்தானே!" என்றாள்.

பதினைந்து வருஷத்துப் பழைய எஃகு ஸைக்கிள். பின் சக்கரத்தின் இருபுறமும் தார்ப்பாய்ப் பைகள். இரண்டு கிலோ எடையுள்ள ஒரு கூடாரம். ஒரு காஸ் அடுப்பு. அவல், வெல்லம், காப்பிப் பொடி. இரண்டு ட்யூப், பஞ்சர் ஒட்டும் சாமான், ஒரு பம்பு. எல்லாம் சேர்ந்து பதினெட்டுக் கிலோ. பாவூச்சா தக்காவில் மோட்டார் வண்டிகளை ஏற்றிச் செல்லும் கப்பலில் ஸைக்கிளோடு ஏறினால் சுமார் ஒரு மணி நேரத்தில் மாண்ட்வாவில் இறங்கலாம். அங்கிருந்து தெற்கே சிரோடா வரையில் கரையோரமாக 500 கிலோமீட்டருக்கு மேல் வரும்.

ரெவ்தண்டாவில் சாலை போர்த்துகீசியர் கட்டிய கோட்டை மதிலைத் துளைத்துக்கொண்டு செல்கிறது. அதற்குச் சற்று முன்னால் இருக்கும் சௌல் இப்பொழுது தென்னந்தோப்புக்குள் தூங்கும் கிராமம். ஒரு காலத்தில் மேல்நாட்டுக் கப்பல்கள் தேடி வந்த துறைமுகம் அது. பதினைந்தாம் நூற்றாண்டில் அபனாசி நிகிதின் என்ற ருஷ்ய வியாபாரி ஒரு குதிரையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கியது இங்கேதான். குதிரையை விற்று லாபம் சம்பாதிப்பது அவர் உத்தேசம். தக்கணம் முழுவதும் சுற்றிவிட்டுத் திரும்பும்போது அவர் கப்பலேறிய துறைமுகமான தாபோல் என் வழியில் ஐந்தாம் நாள் வந்தது. அவருக்கும் வீட்டில் நிபந்தனை ஏதாவது இருந்ததோ என்னவோ!

முரூட்டை அடைந்ததும் ஜஞ்ஜீரா தெரிந்தது. கடலுக்கு நடுவில் எழும்பி நிற்கும் அந்தக் கோட்டையைச் சிவாஜி மகாராஜாவாலும் பிடிக்க முடியவில்லை. சித்திகளின் அந்தச் சமஸ்தானம் 1948-இல்தான் நமது நாட்டோடு இணைந்தது. கரையில் உட்கார்ந்து பார்த்தபோது, பிடிக்க முடியாததில் ஆச்சரியமில்லை என்று பட்டது. வாசல் எங்கே இருக்கிறதென்று கண்டுபிடிப்பதே கஷ்டமாக இருந்தது.

இந்தக் கரையின் அமைப்பை இங்கே சொல்லிவிட வேண்டும். அது தெரியாவிட்டால் என் கால்வலி நேயர்களுக்குப் புரியாது. கொங்கணம் என்பது ஸஹ்யாத்ரி மலைக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் ஒரு குறுகிய நிலம். மலையில் பிறக்கும் ஆறுகள் அதிக தூரம் ஓடுவதற்குள் கடலில் விழுந்துவிடுகின்றன. ஒவ்வோர் ஆற்றின் வாயிலும் கடல் உள்ளே புகுந்து ஒரு கழியாகிவிடுகிறது. இரண்டு கழிகளுக்கு நடுவே செம்புரைக்கல் பீடபூமி நிற்கிறது. மேலே மேஜைபோல் சமதளம், ஓரத்தில் செங்குத்துச் சரிவு. ஆகையால் கரையோரமாகப் போகிறவன் காலையில் பீடபூமி மேல் ஏறுகிறான். சமதளத்தில் அரை மணி நேரம் சுகமாகப் போகிறான். பிறகு கீழே கடல் மட்டத்துக்கு இறங்கிக் கழியைக் கடக்கிறான். உடனே மறுபடியும் ஏறுகிறான். உதகமண்டலத்துக்கு ஸைக்கிளில் போகிறவனுக்கு உச்சியை அடைந்தோம் என்ற ஒரு திருப்தி உண்டு. கொங்கணத்தில் அந்தத் திருப்தி கிடையாது. ஒரு நாளில் நான்கு தடவை நூறு, நூற்றைம்பது மீட்டர் ஏறி, ஏறியதையெல்லாம் நான்கு தடவை இறங்கித் தொலைத்துவிட்டு, சாயங்காலம் புறப்பட்ட அதே கடல் மட்டத்தில் வந்து நிற்க வேண்டும்.

ஆனால் அந்தச் சமதளங்களின் அழகை என்னவென்று சொல்வது! மழைக்காலத்துப் புல் ஜனவரியில் காய்ந்து தங்கமாகிவிடுகிறது. அதன் நடுவே சிவப்புக் கல். ஆங்காங்கே மா, முந்திரி. எதிரே நீலக் கோடாகச் சமுத்திரம். மாமரங்கள் பூத்திருந்தபடியால் காற்றில் ஒரு புளிப்பு வாசனை. மனிதர்கள்தான் குறைவு. வீட்டுக்கு வீடு பூட்டு தொங்குகிறது. கொங்கணத்து ஆண்பிள்ளைகள் தலைமுறை தலைமுறையாக மும்பைக்குப் பிழைக்கப் போனவர்கள். பஞ்சாலையில் வேலை செய்தவர்கள் இவர்கள்தான். பிள்ளையார் சதுர்த்திக்கு ஊர் நிறைந்துவிடுமாம். மற்ற நாட்களில் கிழவர்களும் கிழவிகளும் மாமரத்தைக் காவல் காத்துக்கொண்டிருக்கிறார்கள்.

கழிகளைக் கடப்பதற்குத் தட்டையான படகுகள் உண்டு. லாரி, மோட்டார், ஆடு, கல்யாணக் கோஷ்டி எல்லாவற்றையும் ஏற்றிச் செல்லும். அகர்தாண்டாவிலிருந்து திகி, பாக்மாண்டலாவிலிருந்து வேஷ்வி, தாபோலிலிருந்து தோபாவே, தவ்ஸாலிலிருந்து ஜெய்கட் என்று நான்கு படகுகள் ஏறினேன். இந்தக் கழிகளின் மேல் பாலம் கட்ட வேண்டுமென்ற பேச்சு வெகு காலமாக இருந்து வருகிறது. இப்பொழுது கரைச்சாலைத் திட்டத்தில் வேலையும் ஆரம்பமாகியிருக்கிறது. பாலம் வந்தால் ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளிக்கு நல்லது. அதை மறுக்க எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் ஏற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் நடுவே, வேலையொன்றுமில்லாமல் கம்பியில் சாய்ந்துகொண்டு காற்று வாங்கும் அந்தக் கால் மணி நேரத்தை இழக்க எனக்கு மனமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

முதல் நான்கு இரவுகளும் கூடாரத்தில் நன்றாகவே கழிந்தன. கிராமத்துக்குள் போனதும் கோயில் பூசாரியையோ, டீக்கடைக்காரரையோ பார்த்து, "காக்கா, இன்று இரவு இங்கே படுத்துக்கொள்ளலாமா?" என்று கேட்பேன். என் மராத்தியில் முப்பது வருஷத்து மாதுங்கா வாசனை வீசும். அவர்கள் என்னையும் ஸைக்கிளையும் கூடாரத்தையும் பார்த்துவிட்டு முதலில் கேட்கிற கேள்வி, "ஏன் தனியாக?" என்பதுதான். இரண்டாவது, "சாப்பிட்டாயிற்றா?" என்பது. முதல் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் இரண்டாவதன் பலன் வந்துவிடும். கேழ்வரகு ரொட்டி, கொள்ளு மாவில் கிண்டிய குழம்பு, கோகம் பழமும் தேங்காய்ப் பாலும் சேர்த்த செந்நிறச் சாறு. என் அவல் மூட்டை அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் வேலாஸில் தங்கினேன். நானா பட்னவிஸின் பூர்விக ஊர் அது. இப்பொழுது ஊருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்திருப்பவை ஆமைகள். பங்குனி ஆமைகள் இரவில் கரையேறி மணலில் குழி தோண்டி, நூறு முட்டை சுமாருக்கு இட்டுவிட்டுப் போய்விடுகின்றன. முன்பெல்லாம் அவற்றை மனிதரும் நாய்களும் தோண்டித் தின்றுவிடுவது வழக்கம். 2002-ஆம் வருஷம் முதல் சிப்ளூணைச் சேர்ந்த ஸஹ்யாத்ரி நிஸர்க மித்ரா என்ற சங்கத்தார், ஊர் ஜனங்களையே கூட்டுச் சேர்த்துக்கொண்டு, முட்டைகளை வேலி கட்டிய இடத்துக்கு மாற்றிப் பாதுகாக்கிறார்கள். ஏறக்குறைய ஐம்பது நாளில் குஞ்சு பொரிக்கும். முட்டையைத் திருடியவர்கள் வீட்டுப் பிள்ளைகள் இப்பொழுது அதற்குக் காவல் நிற்கிறார்கள் என்று ஓர் இளைஞர் சிரித்துக்கொண்டே சொன்னார். தாமும் அந்த வீட்டுப் பிள்ளைதான் என்றார். மணலில் ஒரு கறுத்த சருகுக் கோட்டைக் காட்டி, "ஓதம் இதுவரை வரும். ஆமை எப்பொழுதும் இதற்கு மேலேதான் குழி தோண்டும். அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை" என்றார். நான் அதைக் குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டேன். எழுதிக்கொண்டதோடு சரி.

நான்காம் நாள், ஹர்ணைக்குத் தெற்கே இருக்கும் முரூட். முதலில் சொன்ன முரூட் வேறு, இது வேறு. மகரிஷி தோண்டோ கேசவ கார்வே வளர்ந்த ஊர் இது. பதினேழு வயதில் பரீட்சை எழுதுவதற்காக இந்த ஊர்ப் பையன் மலையைத் தாண்டி நூறு மைலுக்கு மேல் நடந்து ஸதாராவுக்குப் போனான். பார்வைக்குச் சிறு பையனாயிருக்கிறான் என்று சொல்லிப் பரீட்சைக்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பையன்தான் 1916-இல் பெண்களுக்கென்று ஒரு சர்வகலாசாலை ஸ்தாபித்தார். நூறு வயதில், 1958-இல், பாரத ரத்தினம் பெற்றார். அந்த ஊரைத் தாண்டுகையில் ஒரு மேட்டில் இறங்கித் தள்ளலாமா என்று யோசித்தேன். யோசித்ததற்கு வெட்கப்பட்டு மேலும் கொஞ்ச தூரம் மிதித்தேன். பிறகு இறங்கித் தள்ளினேன்.

ஐந்தாம் நாள் தாபோலில் கழி தாண்டி, குஹாகருக்குப் போகும் வழியில் பிரம்மாண்டமான மின்சார நிலையம் ஒன்று குறுக்கிட்டது. என்ரான் என்ற அமெரிக்கக் கம்பெனி வந்ததும், சுற்று வட்டாரம் எதிர்த்ததும், 2001-இல் இங்கே உற்பத்தி நின்றதும், அதே வருஷக் கடைசியில் அமெரிக்காவில் கம்பெனியே திவாலானதும், பிறகு நம் சர்க்கார் நிறுவனங்கள் கூடி அதை ஏற்றுக்கொண்டதும் பெரிய கதை. அந்த வேலியோரமாக ஒரு கிழவர் நான்கு எருமைகளை மேய்த்துக்கொண்டிருந்தார். இந்தக் கதையில் அவர் எந்தப் பக்கம் இருந்தாரென்று கேட்க நினைத்தேன். எருமைகள் சாலைக்கு வந்துவிட்டதால் கேட்க முடியவில்லை.

குஹாகர்க் கடற்கரை நீண்டு நேராகக் கிடக்கும். பின்னால் சவுக்குத் தோப்பு, முன்னால் வெள்ளை மணல். அன்று பௌர்ணமி. எட்டு மணிக்கு வீட்டோடு பேசிவிட்டு, தோப்புக்குள் போய்ப் படுக்காமல், சந்திரனைப் பார்த்துக்கொண்டே தூங்க வேண்டுமென்ற ஆசையில் திறந்த மணலில் கூடாரம் அடித்தேன். கடல் வெகு தூரத்தில் இருந்தது. அலைச் சத்தம் தாலாட்டு மாதிரி கேட்டது.

நள்ளிரவுக்குக் கொஞ்சம் முன்னால் முதுகு சில்லென்றது. கண் விழித்தேன். கூடாரத்துக்குள் இரண்டு அங்குலம் தண்ணீர். எழுந்து உட்காருவதற்குள் அடுத்த அலை வந்து கூடாரத்தை என்னோடு சேர்த்து ஒரு புரட்டுப் புரட்டியது. இருட்டில் வாசலைக் கண்டுபிடிக்க முடியவில்லை. துணி முகத்தில் ஒட்டிக்கொண்டது. வாயில் உப்பும் மணலும். எவ்வளவு நேரம் அப்படிக் கிடந்தேனோ, ஒரு நிமிஷத்துக்கு மேல் இராது. அந்த ஒரு நிமிஷத்தில் ஜஞ்ஜீராவும் இல்லை, நிகிதினும் இல்லை. எட்டு மணிக்கு என் மகளிடம் "சௌக்கியமாக இருக்கிறேன்" என்று சொன்ன என் குரல் மாத்திரம் காதில் கேட்டது.

கையில் பட்டதை இழுத்துக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தேன். ஸைக்கிளை நல்லவேளையாகச் சவுக்கு மரத்தில் கட்டி வைத்திருந்தேன். காலையில் கணக்கெடுத்தபோது, அடுப்பு போய்விட்டது. ஒரு பூட்ஸ் போய்விட்டது. மாத்திரை டப்பா போய்விட்டது. தலைமாட்டில் வைத்திருந்த கைபேசி இருந்தது. ஆனால் அதற்கு உயிர் இல்லை. வலை உலர்த்த வந்த ஒரு மீனவப் பெரியவர் என்னைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, "பௌர்ணமியில் உதாண் வரும் என்று தெரியாதா? குளிர் காலத்தில் ராத்திரித் தண்ணீர்தான் பெரியது, மழைக் காலத்தில் பகல் தண்ணீர்" என்றார். அமாவாசை, பௌர்ணமிகளில் சூரியனும் சந்திரனும் ஒரே கோட்டில் நின்று இழுப்பதால் ஓதம் ஓங்கும் என்று பள்ளிக்கூடத்திலேயே படித்திருக்கிறேன். பரீட்சையில் முழு மார்க்கும் வாங்கியிருக்கிறேன். ஆமை எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை.

கூடாரத்தைத் தைக்கவும், சாமான்களை உலர்த்தவும், கடைத்தெருவில் ஒரு ஜோடிச் செருப்பு வாங்கவும் பகல் ஒரு மணி ஆகிவிட்டது. கைபேசியை அரிசி டப்பாவில் போட்டு வைத்தால் சாயங்காலத்துக்குள் பிழைத்துவிடும் என்று கடைக்காரர் சொன்னதை நம்பி, அரிசியோடு கட்டிக்கொண்டு புறப்பட்டேன். மாத்திரையை ரத்தினகிரியில் வாங்கிக்கொள்ளலாம் என்று எண்ணினேன். ஒரு நாளில் என்ன ஆகிவிடப் போகிறது!

ஹேத்வி தாண்டியதும் பிரேக் பிடிக்காமல் போயிற்று. கடல் மணல் பிரேக் கட்டைகளில் ஏறி, ஒவ்வோர் இறக்கத்திலும் அவற்றை அரம் போட்டு ராவுவதுபோல் ராவித் தீர்த்துவிட்டது. மாற்றுக் கட்டை கொண்டுவரவில்லை. தவ்ஸால் படகுத் துறைக்கு இறங்கும் சாலை செங்குத்தானது. இறங்கி ஸைக்கிளைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். துறையை அடைந்தபோது இருட்டிவிட்டது. கடைசிப் படகு அக்கரைக்குப் போய்விட்டிருந்தது. அக்கரையில் ஜெய்கட் வெளிச்ச வீடு சுழன்றுகொண்டிருந்தது. மின்சார நிலையத்தின் விளக்குகள் தண்ணீரில் நீளமாக விழுந்திருந்தன. இக்கரையில் நானும் ஒரு நாயும்.

கைபேசியை அரிசியிலிருந்து எடுத்தேன். பிழைக்கவில்லை. மணி ஏழே முக்கால்.

துறைக்கு மேலே ஒரு வீட்டில் விளக்கு எரிந்தது. எழுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு மூதாட்டி கதவைத் திறந்தாள். "மாவ்ஷி, ஒரே ஒரு டெலிபோன் பேச வேண்டும்" என்றேன். மேலும் கீழும் பார்த்துவிட்டுத் தன் கைபேசியைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு நின்றேன். நின்றுகொண்டே இருந்தேன். என் மகளின் எண் எனக்குத் தெரியவில்லை.

நேயர்களில் யாராவது சிரித்தால், தயவு செய்து இந்தப் பத்திரிகையைக் கீழே வைத்துவிட்டுத் தங்கள் பிள்ளையின் எண்ணை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்க்கும்படி வேண்டிக்கொள்கிறேன். தினம் இரண்டு தடவை பேசுகிறவன் நான். ஆனால் பெயரை அழுத்துவேனேயொழிய எண்ணை அழுத்தியதில்லை. மகள் எண் தெரியாது, மனைவி எண் தெரியாது, எதிர் வீட்டுக்காரர் எண் தெரியாது. வீட்டில் மணி எட்டடித்திருக்கும். மாத்திரை இல்லாமல் அன்று முழுதும் மலை ஏறியிருக்கிறேன் என்பதும் அப்பொழுதுதான் ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்ததும் காதுக்குள் குப்குப்பென்று அடிக்கத் தொடங்கியது. மாத்திரை இல்லாததாலா, பயத்தாலா என்று சொல்ல முடியவில்லை.

மூதாட்டி ஒன்றும் கேட்காமல் சுவரைக் காட்டினாள். அடுப்புக் கரியால் எண்கள் எழுதியிருந்தன. "பெரியவன். சின்னவன். டாக்டர். மூன்று பேரும் மும்பையில்தான் இருக்கிறார்கள். எனக்குப் படிக்கத் தெரியாது, வடிவம் தெரியும்" என்றாள். டாக்டர் எதற்கு மும்பையில் என்று நான் கேட்கவில்லை.

அந்தக் கரி எழுத்துக்களைப் பார்த்தபோதுதான் வீட்டு டெலிபோன் நினைவு வந்தது. கூடத்தில் முக்காலியின் மேல் இருக்கும் பழைய கம்பி டெலிபோன். மாதா மாதம் தண்டப் பணம் என்று நானும் மகளும் அதை எடுத்துவிடச் சொல்லி வாதாடி, என் மனைவி ஒரே பிடிவாதமாக வைத்திருந்த டெலிபோன். அந்த எண் வந்தது; முப்பது வருஷத்துக்கு முன் ஆபீஸ் பாரங்களில் ஆயிரம் தடவை எழுதிய ஏழு இலக்க எண். அழுத்தினேன். அப்படி ஓர் எண் இல்லையென்று ஒரு பெண் குரல் மராத்தியில் சொல்லிற்று. மறுபடியும் அழுத்தினேன். மறுபடியும் அதே குரல். இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் மும்பை எண்களுக்கெல்லாம் முன்னால் ஓர் இரண்டு சேர்த்தது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. 022, அதற்குப் பிறகு 2, அதற்குப் பிறகு பழைய ஏழு.

முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள்.

"நான்தான்" என்றேன்.

"எந்த ஊர்?"

"தவ்ஸால்."

காகிதம் புரளும் சத்தம் கேட்டது. மகளின் பள்ளிக்கூடத்து அட்லாஸைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்!

"ஆற்றுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?"

"இந்தப் பக்கம். படகு போய்விட்டது." பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். மாத்திரையை மட்டும் சொல்லவில்லை. ஆனால் அவள் கேட்டாள்: "மாத்திரை?" அதையும் சொல்லிவிட்டேன்.

சற்று நேரம் பேச்சில்லை. "ரத்தினகிரியில் ரயில் ஸ்டேஷன் இருக்கிறது" என்றாள். சரியென்றேன். மணி எட்டே முக்கால். ஒன்பதுக்குப் போலீஸுக்குப் போவதென்று மகள் செருப்பு மாட்டிக்கொண்டு நின்றிருந்தாளாம்.

அன்றிரவு மூதாட்டியின் திண்ணையில் படுத்தேன். எனக்கு ஒரு கம்பளியும் நாய்க்கு ஒரு ரொட்டியும் கொடுத்தாள். காலையில் பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டாள். "மும்பையில் என் பிள்ளைக்கு யாராவது டெலிபோன் கொடுத்திருப்பார்கள்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஏழாம் நாள் மாலை ரத்தினகிரி. மாத்திரை, புதுக் கைபேசி, பிரேக் கட்டை மூன்றும் ஒரே தெருவில் கிடைத்தன. கட்டிலில் படுத்துத் தூங்கினேன். மறுநாள் காலையில் லோகமான்ய திலகர் 1856-இல் பிறந்த வீட்டுக்குப் போனேன். ஓடு வேய்ந்த கொங்கணத்து வீடு, குளிர்ச்சியான கூடம். அங்கிருந்து மேட்டின் மேல் தீபா அரண்மனை. பர்மாவின் கடைசி ராஜாவான தீபாவை 1885-இல் ராஜ்யத்திலிருந்து இறக்கி ஆங்கிலேயர் இந்த ஊரில் கொண்டுவந்து வைத்தார்கள். 1916-இல் இங்கேயே இறந்தார். டில்லியின் கடைசிப் பாதுஷாவை ரங்கூனுக்கு அனுப்பியவர்களும் அவர்கள்தான். அரண்மனை மாடத்திலிருந்து பார்த்தால் கழியும் கடலும் தெரிகின்றன. சிறைப்பட்டவராக இருந்து அந்தக் கடலைப் பார்த்தவருக்கு அதன் அழகு எப்படித் தோன்றியிருக்குமோ!

மத்தியானம் ஸைக்கிளை மேட்டில் தள்ளிக்கொண்டு ரயில் ஸ்டேஷனுக்குப் போனேன். பார்ஸல் ஆபீஸ் வாசலில் நின்று வீட்டுக்குப் பேசினேன்.

"ஸ்டேஷனுக்கு வந்துவிட்டேன். ராத்திரி வண்டியில் ஏறுகிறேன்."

"எதற்கு?"

"நீதானே ரயில் இருக்கிறது என்றாய்?"

"இருக்கிறது என்றேன். ஏறச் சொன்னேனா? மாத்திரை வாங்கிவிட்டீர்களா?"

"வாங்கிவிட்டேன்."

"பிரேக்?"

"போட்டாயிற்று."

"மணலில் படுப்பீர்களா?"

"மாட்டேன்."

"அப்படியானால் சிரோடாவுக்கு இன்னும் எவ்வளவு தூரம் என்று பார்த்துச் சொல்லுங்கள். இந்த அட்லாஸில் எழுத்து மிகவும் பொடியாக இருக்கிறது."

பின்னாலிருந்து மகள் ஏதோ உரத்துச் சொல்வது கேட்டது. அதற்கு என் மனைவி சொன்ன பதில் கேட்கவில்லை.

பிற்பாதிப் பிரயாணத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சரீரத்துக்கு அதுதான் சிரமமாக இருந்தது. கதைக்கு அதில் அதிகமில்லை. கஷேளிக்கருகில் பீடபூமியின் கல் தரையில் ஆதி மனிதர் கீறிய யானை ஒன்று படுத்திருக்கிறது. ஏறக்குறைய பதினெட்டு மீட்டர் நீளம். அதன் வயிற்றுக்குள்ளேயே வேறு பல மிருகங்கள் கீறப்பட்டிருக்கின்றன. சாய்ந்த வெயிலில்தான் கோடுகள் நன்றாகத் தெரியும். விஜயதுர்க்கத்தில் ஆங்கரேக்களின் கடற்படையை 1756-இல் ஆங்கிலேயர் கொளுத்திய இடத்தில் இப்பொழுது மீன் காய்கிறது. பேஷ்வாவே அப்பொழுது ஆங்கிலேயரோடு சேர்ந்துகொண்டிருந்தார் என்பதை மதிலின் மேல் உட்கார்ந்து நினைத்துப் பார்த்தால் வயிறு எரிகிறது. மால்வணில் சிவாஜி 1664-இல் அஸ்திவாரம் போட்ட சிந்துதுர்க்கத்தைப் படகில் போய்ப் பார்த்தேன். கூடாரத்தை ஒவ்வோர் இரவும் கறுத்த சருகுக் கோட்டுக்கு இருபது அடி மேலே அடித்தேன். பையின் உட்புறத்தில் ஐந்து எண்களை மை அழியாத பேனாவால் எழுதி வைத்திருந்தேன். மேடு ஏறும்போது அவற்றை ஸஹஸ்ரநாமம்போல் ஒப்பித்துக்கொண்டு மிதித்தேன்.

பன்னிரண்டாம் நாள் சாயங்காலம் சிரோடா. ஊருக்கு வெளியே உப்பளங்கள். 1930-ஆம் வருஷம் மே மாதத்தில் இந்த அளங்களில்தான் சத்தியாக்கிரகிகள் வந்து உப்பு அள்ளி, தடியடி பட்டுச் சிறை சென்றார்கள். தண்டியையும் வேதாரணியத்தையும் அறிந்த நம்மவரில் சிரோடாவை அறிந்தவர் அதிகம் பேர் இல்லை. பாத்திகளில் தண்ணீர் கண்ணாடியாக நின்றது. ஒருவர் மரப்பலகையால் உப்பைக் கரைக்கு இழுத்துக் குவித்துக்கொண்டிருந்தார். அனுமதி கேட்டு ஒரு பிடி எடுத்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டேன். வீட்டில் கேட்டிருந்தார்கள் என்று சொன்னேன். "அந்தக் காலத்தில் அனுமதி கேட்கவில்லையாம்" என்று சொல்லிச் சிரித்தார்.

பள்ளிக்கூடத்தை அடைந்தபோது மாலை மணி அடித்துக் குழந்தைகள் வெளியே ஓடிவந்துகொண்டிருந்தன. வாசல் மரத்தில் ஸைக்கிளைச் சாய்த்துவிட்டு, பையைத் திறந்து பார்க்காமலே எண்ணை அழுத்தினேன். 022, இரண்டு, பிறகு பழைய ஏழு.

"வந்துவிட்டேன். பள்ளிக்கூட வாசலில் நிற்கிறேன்" என்றேன்.

"எப்படி இருக்கிறது?"

சுற்றிப் பார்த்தேன். சிவப்பு மண், தென்னை, ஓட்டுக் கூரைகள், தோளில் பையை மாட்டிக்கொண்டு ஓடும் பிள்ளைகள். சொல்வதற்கு விசேஷமாக ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் படித்த புத்தகத்தில் எந்த மரம், எந்தத் திண்ணை என்று எனக்குத் தெரியாது.

"குழந்தைகள் சத்தமாக இருக்கிறது. உனக்கு என் பேச்சுக் கேட்கிறதா?" என்றேன்.

"கேட்கிறது. நீங்கள் பேச வேண்டாம். கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருங்கள்" என்றாள்.

கைபேசியை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கடைசிக் குழந்தை போகும் வரையில் நின்றிருந்தேன்.